மச்சினன், கலப்பு ஊடகம்

ஐயா, ஒரு சுவரை வெள்ளையாக்க மூன்று பூச்சு வேண்டும். முதல் பூச்சில் பழைய நிறம் எட்டிப் பார்க்கும். இரண்டாவதில் திட்டுத் திட்டாக நிற்கும். மூன்றாவதில்தான் சுவர் வாயை மூடிக்கொண்டு படத்தைப் பேச விடும். எங்கள் கண்காட்சிக்கு அந்த மூன்று பூச்சையும் அடித்தவன் என் மச்சினன். உங்கள் குடிநீர் அலுவலகத்தில் மீட்டர் கணக்கெடுக்கும் வேலைக்குத் தேர்வாகியும், குறித்த தேதிக்குள் வந்து சேராதவன் அவன்தான். காரணம் சரியாக இருந்தால் இன்னொரு தேதி தருவதாக எழுதியிருந்தீர்கள். காரணம் நான். "உள்ளத உள்ளபடி எழுதிக் குடுங்க, அழகு பண்றேன்னு ஆரம்பிக்காதீங்க" என்று என் மனைவி எதிரில் உட்கார்ந்திருக்கிறாள். எழுதுகிறேன்.

நான் கலைஞன், கண்காட்சித் தொகுப்பாளன், ஐந்து பேர் கொண்ட கலைக்குழு ஒன்றின் அமைப்பாளன். தொகுப்பாளன் என்றால் எதற்குப் பக்கத்தில் எதை வைப்பது என்று முடிவு செய்கிறவன். அமைப்பாளன் என்றால் அந்த ஐந்து பேரையும் ஒரே அறையில் உட்கார வைக்கப் பாடுபடுகிறவன். இருபது வருடத்தில் முதல் முறையாக ஒரு சர்வதேசக் கண்காட்சியின் தேர்வுக்குழு எங்கள் கூடத்தைப் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தது.

திறப்புக்கு முந்தைய நாள் எங்கள் சிற்பி கோபித்துக்கொண்டார். அழைப்பிதழில் அவர் பெயர் மூன்றாவதாக வந்துவிட்டதாம். கூடத்தின் நடுவில் இருந்த சிற்பத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். பீடம் மட்டும் நின்றது. பக்கத்தில் நான் ஒட்டிய சிறு அட்டையும் இருந்தது: "தலைப்பிடப்படாதது. கலப்பு ஊடகம்." பல பொருள்களைச் சேர்த்துச் செய்ததை அப்படித்தான் எழுதுவோம்.

வருகிறவர்கள் படைப்பை முதலில் பார்ப்பதில்லை, ஐயா. அட்டையைப் படிக்க அரை நிமிடம், படைப்பைப் பார்க்க ஐந்து விநாடி. அட்டை சொன்னதைக் கண் ஒத்துக்கொள்ளும். மறுநாள் காலை, பூச்சு வேலை முடித்த களைப்பில் மச்சினன் அந்தப் பீடத்தில் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டான். அவன் பாதிக் கண் திறந்து தூங்குகிறவன். கதவைத் திறந்துவிட்டார்கள். ஒரு பேராசிரியை அட்டையைப் படித்தார், அவனை ஒரு சுற்றுச் சுற்றினார், "காத்திருப்பு" என்று முணுமுணுத்தார். உடன் வந்த டைல்ஸ் தொழிற்சாலை முதலாளி உடனே வாங்கிவிட்டார்.

விற்றுப்போன படைப்பில் ஒரு சிவப்பு வட்டம் ஒட்டுவோம். ஒட்டிய பிறகு, கண்காட்சி முடியும்வரை அதை இடம் மாற்றக் கூடாது. இது எங்கள் தொழில் தர்மம்.

"மாமா, என் சட்டையில என்ன இது?" என்று விழித்தவன் கேட்டான்.

"நீ வித்துப் போயிட்ட. மூணு வாரம் சும்மா உக்காந்திரு."

"சும்மாவா? எவ்வளவு நேரம்?"

"பத்துலேருந்து ஆறு. வீட்டுல செய்றத இங்க செய், அவ்வளவுதான்."

"குத்திக் காட்டாதீங்க மாமா. சாப்பாடு?"

"மதியம் பராமரிப்புன்னு போர்டு மாட்டிடறேன்."

படைப்புகளின் நிலையைத் தினமும் குறித்துவைப்பது எங்கள் வழக்கம். அவனுக்கும் குறித்தேன். உச்சியில் முடி உதிர்வு, பழையது. இடது முழங்கையில் பெயிண்ட், அகற்ற வேண்டாம். முதுகில் அரிப்பு, படைப்பே புகார் சொல்கிறது. தினமும் ஆறு மணிக்கு அவன் கேட்டது ஒன்றுதான்: "தபால் வந்துச்சா மாமா?" பதினான்கு மாதமாக உங்கள் ஆணைக்காகக் காத்திருந்தான்.

நான்காம் நாள் வந்தது. வீடு பூட்டியிருந்ததால் தபால்காரர் கூடத்துக்கே கொண்டுவந்து, வாசலில் என்னிடம் கொடுத்தார். மச்சினன் பத்தடி தள்ளி உட்கார்ந்திருந்தான். ஐயா, உங்கள் அலுவலகத்துக்குத் தெரியுமோ தெரியாதோ, அது அழகான கடிதம். கையெழுத்தின் மேல் முத்திரை லேசாகச் சாய்ந்து விழுந்திருந்தது. பதினைந்து நாளுக்குள் அசல் ஆணையோடு நேரில் வராவிட்டால் நியமனம் ரத்து என்ற வரி மட்டும் தடித்த எழுத்தில். தேர்வுக்குழு இருபதாம் நாள் வருகிறது. அவன் அதைப் படித்தால் எழுந்து போய்விடுவான்.

எதற்குப் பக்கத்தில் எதை வைப்பது என்பதுதான் என் வேலை. கடிதத்துக்குச் சட்டம் போட்டு, பிரதிபலிக்காத கண்ணாடி வைத்து, அவன் முதுகுக்குப் பின்னால், பிடரி உயரத்தில் மாட்டினேன். காகிதத்துக்கு வெளிச்சம் ஆகாது. எனவே அவன் எழுந்திருக்கும் நேரங்களில் அதன்மேல் துணி போட்டுவிடுவேன்.

கூட்டம் இரட்டிப்பானது. எல்லோரும் கடிதத்தைப் படித்தார்கள், தேதியைப் பார்த்தார்கள், அவன் பிடரியைப் பார்த்தார்கள். சிலர் அழுதார்கள். ஒருவர் மட்டும் அவன் காதருகே குனிந்து, "தம்பி, இது நெசமா?" என்று கேட்டார். படைப்போடு பேசக் கூடாது என்று சொல்லி அவரை வெளியே அனுப்பினேன்.

"பின்னாடி என்ன மாமா மாட்டிருக்கீங்க?" என்றான் மச்சினன். "அதப் பாத்து அழறாங்க. என்னப் பாத்து யாரும் அழ மாட்டேங்கறாங்க."

"அது ஒரு ஆவணம்."

"என்னவிட நல்லாருக்கா?"

"ரெண்டும் சேந்தாதான் நல்லாருக்கு."

பத்தொன்பதாம் நாள் கெடு முடிந்தது. இருபதாம் நாள் தேர்வுக்குழு வந்து எங்களைத் தேர்ந்தெடுத்தது. இருபத்தோராம் நாள் மாலை, சுவரைக் காலி செய்ய உதவுகிறேன் என்று மச்சினன் தானே துணியை எடுத்தான். இரண்டு முறை படித்தான். பிறகு திரும்பிவந்து பீடத்தில் உட்கார்ந்துகொண்டான். அன்று அவனை யாரும் உட்காரச் சொல்லவில்லை.

அசல் ஆணை, விற்ற படைப்பின் ஒரு பகுதி என்ற முறையில், இப்போது டைல்ஸ் முதலாளியின் வரவேற்பறையில் இருக்கிறது. நகல் இணைத்திருக்கிறேன்.

இதுவரை படித்துப் பார்த்த என் மனைவி, "அவன்கிட்ட ஏன் மறைச்சீங்கன்னு எழுதுங்க" என்கிறாள். அவள் கண்காட்சிக்கு வராதவள், அதனால்தான் அப்படிக் கேட்கிறாள். நான் எதையும் மறைக்கவில்லை, ஐயா. பதினேழு நாள், நல்ல வெளிச்சத்தில், அனைவரின் பார்வைக்கும் வைத்திருந்தேன்.