அக்கா போட்ட சாட்சிக் கையெழுத்து

உயில் எழுத நல்ல வக்கீலைக் கண்டுபிடிப்பது, நல்ல பல் டாக்டரைக் கண்டுபிடிப்பதைவிடச் சிரமம். நான் நாலு பேரைப் பார்த்தேன். பிள்ளை கால் தேய அலைகிறான் என்று அப்பா எல்லோரிடமும் சொல்லிப் பெருமைப்பட்டார். அலைந்தது உண்மைதான்.

அப்பாவின் ஏற்பாடு எளிமையானது. வீடு அக்காவுக்கு, மிச்சமெல்லாம் எனக்கு. மிச்சம் என்றால் ஓர் ஓட்டைக் காரும் இரண்டு பீரோவும். பக்கவாதம் வந்து அவர் படுத்த பிறகு, வேலையையும் விட்டுவிட்டு ஒன்பது வருடம் குளிப்பாட்டி ஊட்டிவிட்டவள் அக்கா. நியாயம்தான் என்று நானே தலையாட்டினேன். "உனக்கென்னடா, உனக்குத்தான் சொந்தமா வீடு இருக்கே" என்றார் அப்பா, என் முகத்தைக்கூடப் பார்க்காமல். அது மட்டும் எனக்குச் சுருக்கென்று தைத்தது.

முதலில் பார்த்த வக்கீலம்மா கெட்டிக்காரர். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார். "சொத்து யாருக்குப் போகுதோ, அவங்க சாட்சிக் கையெழுத்து போடக் கூடாது. போட்டா, உயில் செல்லும். ஆனா அவங்களுக்கு எழுதினது மட்டும் செல்லாது, மிச்சத்தோட சேர்ந்துடும். அதனால எல்லாரும் இங்க வந்து என் முன்னாடியே போட்டுடுங்க."

மிச்சம் யாருக்கு என்று உங்களுக்குத் தெரியும். நன்றி சொல்லிவிட்டு வந்தேன். அவர் சிடுமூஞ்சி, நமக்குச் சரிப்பட்டு வராது என்று அப்பாவிடம் சொன்னேன். அடுத்த இருவரும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறவர்கள். அவர்களையும் தட்டிக்கழித்தேன். நாலாவது ஆளுக்கு எப்போதும் அவசரம். உயிலைத் தட்டச்சு செய்து, "ரெண்டு சாட்சி வச்சு வீட்லயே முடிச்சிடுங்க" என்று நீட்டிவிட்டார். யார் சாட்சியாக இருக்கக் கூடாது என்று அச்சடித்த தாள் ஒன்று அதோடு இணைத்திருந்தது. மாடிப்படி இறங்கும்போதே அதை உருவிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

"சாட்சிக்கு யாருடா?" என்று கேட்டார் அப்பா.

"பக்கத்து வீட்டு டெய்லர் வரேன்னிருக்காருப்பா. இன்னொரு வெளியாள் எதுக்கு? அக்காவே போடட்டுமே."

அக்காவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பாத்திரம் தேய்த்த கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு வந்தாள். "பரவாயில்லையே, என்னையும் ஒரு மனுஷியா மதிச்சு கையெழுத்து கேக்குறீங்க" என்று சிரித்தாள். எந்த இடத்தில் போட வேண்டும் என்று விரல் வைத்துக் காட்டினேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, பேனா மூடியையும் நானே கழற்றிக் கொடுத்தேன். மகளுக்கு ஒரு வழி செய்துவிட்ட நிம்மதியில் அப்பா கண்ணை மூடிக்கொண்டார். அந்த நிம்மதியோடுதான் நாலு மாதத்தில் போய்ச் சேர்ந்தார்.

வீடு என் பெயருக்கு வந்தது. அக்கா இப்போது ஓர் ஒற்றை அறையில் குடியிருக்கிறாள். திருப்பி எழுதிக் கொடுக்க வேண்டியதுதானே என்பீர்கள். நானும் ஒவ்வொரு மாதமும் அடுத்த மாதம் என்றுதான் நினைக்கிறேன். செய்தது பாவம். அது என்னை அரித்துத் தின்கிறது. அதனால்தான் ஞாயிறு தவறாமல் அவளைப் போய்ப் பார்க்கிறேன்.

போன வாரம் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "அப்பா ஆசைப்பட்டதை நானே கெடுத்துட்டேன்டா. போடலாமான்னு ஒரு வார்த்தை விசாரிச்சிருக்கணும், புத்தி இல்லாம போட்டுட்டேன். என்னை மன்னிச்சிடுடா."

என் மனம் இளகிவிட்டது. அவள் கண்ணைத் துடைத்து, மன்னித்துவிட்டேன் என்று சொன்னேன்.