காதுக்காரி

வாங்க, வாங்க. நாய் ஒண்ணும் பண்ணாது, சும்மா குரைக்கும். விளம்பரம் பாத்துட்டுத்தானே வந்தீங்க? கார் இந்தக் கொட்டகையிலதான் நிக்குது. பாத்து வாங்க, வாசல்ல ஐஸ் கட்டியிருக்கு.

விளம்பரம் போட்டது நான்தான். வீட்டுக்காரர் பிஷ்கெக் போயிருக்கார், அவங்க அண்ணன் வீட்டு விசேஷம். நாளைக்குத்தான் வருவார். இல்லைங்க, அவருக்குத் தெரியாது. தெரிஞ்சா விடுவாரா? பயப்படாதீங்க, காரு என் பேர்லதான் இருக்கு. என் பேரு நசிபா. உங்க பேரு என்னன்னு சொன்னீங்க? சய்காலா? நல்ல பேரு.

டீ இங்கேயே கொண்டு வந்து வச்சிருக்கேன். ரொட்டியும் இருக்கு, காலையில சுட்டது. எடுத்துக்கோங்க. அப்புறமாவா? சரி, முதல்ல காரைப் பாருங்க.

தெருவுல எல்லாரும் இதைக் காதுக்காரின்னுதான் சொல்லுவாங்க. பின்னாடி ரெண்டு பக்கமும் காத்து போறதுக்குக் காது மாதிரி விட்டிருக்கு பாருங்க. எஞ்சினும் பின்னாடிதான். காதுக்காரி எப்படி இருக்கா, காதுக்காரிக்கு உடம்பு சரியாச்சான்னு போறவங்க வர்றவங்க எல்லாம் அவரைக் கேப்பாங்க. நான் பக்கத்துலயேதான் நிப்பேன். என்னை ஒருத்தரும் கேக்க மாட்டாங்க.

சிரிக்காதீங்க, நெஜமாத்தான் சொல்றேன். இது வர்றப்போ வெறும் துரு. ஒரு கோழிக்கொட்டாய்ல கிடந்துச்சு, உள்ளே முட்டை கூட இருந்துச்சு. அவர்தான் ஒவ்வொண்ணாப் பிரிச்சு, தேய்ச்சு, ஓட்டை இருந்த இடத்துல தகடு வெட்டி ஒட்ட வச்சு, பெயின்ட் அடிச்சார். நான் குருத், அதான் காயப்போடற தயிர் உருண்டை, உருட்டறதுக்குத் தயிரை வடிகட்டி வைப்பேன்ல, அந்தத் தண்ணியைக் கொண்டு போய் துருப்பிடிச்ச போல்டெல்லாம் ஊறப்போட்டுடுவார். கார்புரேட்டரை நான் மந்திக் கொழுக்கட்டை அவிக்கற பானையில வேக வச்சார். அன்னையிலேர்ந்து அந்தப் பானையில எதை வச்சாலும் பெட்ரோல் வாசனைதான்.

அந்த மெத்தையா? எஞ்சின் மேல போத்தியிருக்காரே, அதுவா? அது என் கல்யாண மெத்தைங்க. எங்கம்மா ஒரு குளிர்காலம் பூரா உக்காந்து தைச்சது. குளிர்ல எஞ்சின் விறைச்சுப் போகுமாம். ராத்திரியானா பேட்டரி வீட்டுக்குள்ள வந்துடும், அடுப்புப் பக்கத்துல. அந்த இடத்துலதான் நான் படுப்பேன். இப்ப நான் ஜன்னலோரம்.

போன மாசம் எனக்குப் பல்லு வலி. வெந்நீர் குடி, சரியாயிடும்னார். அதே நாள்ல எஞ்சின்ல டிக் டிக்னு என்னமோ சத்தம். ஒரு குச்சியை எஞ்சின்ல ஒரு முனை, காதுல ஒரு முனைன்னு வச்சுக்கிட்டு மதியம் பூரா கண்ணை மூடிக் கேட்டுக்கிட்டே நின்னார். என்னடா கண்ணு, எங்கடா வலிக்குதுன்னு கேக்கறார். என்கிட்ட இல்லைங்க, அதுகிட்ட.

உள்ளே உக்காந்து பாக்கணுமா? தாராளமா. வலது பக்கமா? ஸ்டீயரிங் இடது பக்கம்ல இருக்கு. ம், உக்காருங்க. கதவைச் சாத்திக்கோங்க, காத்து அடிக்குது. சீட்டு சரியா இருக்கா? நகர்த்த வேண்டாமா? சரி.

உங்க பக்கத்துக் கதவு வேற காரோடதுங்க, தெரியுதா, நிறம் கொஞ்சம் வேற. ஜூன் மாசம் பக்கத்து வீட்டு மாடு முட்டி, பழைய கதவு நசுங்கிப் போச்சு. இவர் எங்கேயோ தேடி இதைப் பிடிச்சு மாட்டினார்.

ஓடுமாவா? நல்லா ஓடும். எஞ்சினைப் பூராப் பிரிச்சு மாட்டி ரெண்டு வசந்தம் ஆச்சு. ஆனா புதுசா மாட்டின எஞ்சின் பழகற வரைக்கும் மெதுவாத்தான் ஓட்டணுமாம், எடை ஏத்தக் கூடாதாம். அதனால சனிக்கிழமை சனிக்கிழமை தனியாவே ஏரிப் பக்கம் போயிட்டு வருவார். நானும் வரேன்னா, பொறு நசிபா, எஞ்சின் தாங்காதும்பார். நான் என்ன மாவு மூட்டையா? ரெண்டு வருஷமா எந்த எஞ்சினுங்க பழகுது? ஓடறப்ப ஒரு தடவை கூட இதுல நான் உக்காந்ததில்லை. வெள்ளிக்கிழமை கழுவறது மட்டும் நான்.

ஒரு நாள் கேட்டுட்டேன். என்னைத் தவிர உங்களுக்கு வேற யாரும் இல்லைன்னு ரொட்டியைத் தொட்டுச் சொல்லுங்கன்னேன். ரொட்டியைத் தொட்டா யாரும் பொய் சொல்ல மாட்டாங்கல்ல. காரைத்தான் சொல்றேன்னு நெனச்சுச் சிரிச்சார். நான் சிரிக்கல. உடனே ரெண்டு கையையும் விரிச்சுக் காட்டினார், பாரு, ஒரே கிரீஸ், இந்தக் கையால ரொட்டியைத் தொடலாமான்னு. எந்திரிச்சுப் போயிட்டார். அன்னைக்கு ஞாயித்துக்கிழமை. காரை அவர் தொடவே இல்லை. அப்போ கையில ஏது கிரீஸ்னு அப்புறம்தான் யோசிச்சேன்.

விலையா? சொல்றேன், இருங்க.

நேத்து ரெண்டு பேரு வந்தாங்க பாக்க. ஒருத்தர் டாக்ஸி ஓட்டறவர், நல்ல ஆளு. அந்தக் கதவோட மல்லுக்கட்டி, கைப்பிடியைப் பிடுங்கிடுவாரோன்னு எனக்குப் பயமாப் போச்சு. இன்னொருத்தர் ஸ்டீயரிங் பக்கமா ஏறி, நகந்து போய் உக்காந்தார். அது அப்படித்தான். கைப்பிடியை மேல தூக்கிக்கிட்டே, முட்டியால கீழே ஒரு இடி இடிச்சாத்தான் திறக்கும். வாராவாரம் கழுவற எனக்கே பிடிபட ஒரு மாசம் ஆச்சு.

நீ பேசிக்கிட்டே திறந்துட்ட, சய்கால்.

எந்திரிக்காத, உக்காரு. விக்கறதுக்கா விளம்பரம் போட்டேன்? இதை யாரு வாங்குவா? விக்கப் போறாங்கன்னு தெரிஞ்சதும் யாரு பதறிக்கிட்டு வர்றாங்கன்னு பாக்கத்தான் போட்டேன். நீ சாயங்காலம்தான் வருவேன்னு நெனச்சேன். காலையிலேயே வந்துட்ட.

டீ ஆறிப் போச்சு, வேற ஊத்தறேன். ரொட்டியை நீ இன்னும் தொடவே இல்லை. ரொட்டியை வாயில வைக்காம எங்க வீட்டு வாசலை யாரும் தாண்டினதில்லை, உங்க வீட்லயும் அப்படித்தானே சொல்லிக் குடுத்திருப்பாங்க. இந்தா, ஒரு துண்டு பிட்டுக்கோ. கையில வச்சுக்கிட்டு, இந்தக் கார்ல இன்னைக்குத்தான் முதல் தடவையா உக்காந்தேன் அக்கான்னு சொல்லு. சொல்லிட்டு வாயில போட்டுக்கோ.

நான் நம்பிடறேன்.