முப்பதுல மாட்டிகின கேமரா

...அத்தத்தான் கேக்குறேன் பாய், ஒரு பட்டன திருவ முடியாத ஆம்பளய எங்கனா பாத்துகிறியா நீ? வேகன் ஷெட்டுல எம்மாம் பெரிய போல்ட்டயெல்லாம் திருவுற கை எங்க வூட்டுக்காரரு கை! கேமரா தலமேல சுண்டைக்கா கணக்கா கீற இந்த ஸ்பீடு வட்டத்த திருவ முடிலயாம். "இறுகிகிச்சு பூவம்மா, நகர மாட்டேங்குது"ன்றாரு. கத வுடுறாரு பாய், கத!

நீ தொற, தொற. உன் ரிப்பேரு வேலய பாரு. நான் பாட்டுக்கு பேசிகினு கீறேன்.

செல்லுல எடுய்யான்னா கேக்குறாரா? ஃபிலிம் ரோலு போட்டு எடுத்தாத்தான் படமாம். எதுத்த வூட்டு ஜார்ஜண்ணன் காலி பண்ணிகினு போசொல்ல இத்த குடுத்துட்டுப் போனாரு, அன்னிலேர்ந்து எனக்குப் பேஜாரு. சோறு துன்னசொல்லகூட அதே பேச்சு. வூட்டுக்குள்ள வெளிச்சம் கம்மி, முப்பதுல வெக்கணும். ஓடுறவன், குத்துறவன்னா ஐநூறுல வெக்கணும், அப்பத்தான் அப்டியே நிக்கும். எனக்கே மனப்பாடம் பாய்! சொல்லிக்குடுத்த ஆளு கோட்ட வுட்டுட்டாரு.

எம்பொண்ணு கார்குழலி கீறாளே, வியாசர்பாடில பாக்ஸிங் ஆடுறா. போன வாரம் செமி ஃபைனலு. எதிர்ல நின்னவ பனமரம் கணக்கா ஒசரம். எம்பொண்ணு வுட்டா பாரு ஒண்ணு... கூட்டமே எழுந்து நின்னுச்சு! இவரும் டக்கு டக்குன்னு ரோலு பூரா எடுத்தாரு. கழுவி வந்தா இன்னான்ற? ஒரே பொக! புள்ளைக்கு மூஞ்சியே இல்ல. கையி எங்க, மூக்கு எங்கன்னு தேடணும். "நைனா, இது நானா, இட்லி குண்டான் ஆவியா?"ன்னு கேட்டுட்டு அழுதுட்டா பாய். அவருகிட்ட பேசுறதில்ல. ஞாயித்துக்கெழம ஃபைனலு, "நீ வராத"ன்னுட்டா.

எனக்கு வந்துச்சே கோவம்! ஹவுசிங் போர்டு வூட்ல எல்லா மாடிக்கும் கேக்குற மாரி கிழிச்சேன். மனுசன் தலைய குனிஞ்சுகினு, "முப்பதுலயே மாட்டிகிச்சு, சத்தியமா திருவிப் பாத்தேன்"னாரு. நம்புவேனா நானு?

அய்ய, இன்னா அங்க ஊசிய வுட்டு நோண்டிகினு கீற? மஞ்சளா இன்னாமோ வருது... துருவா? குடு இப்டி. வாசன அடிக்குதே...

பாய்.

சந்தனம் பாய் இது.

ஆயுத பூஜையன்னிக்கு மிக்ஸிக்கு, சைக்கிளுக்கு, புள்ளயோட கிளவுஸுக்கு எல்லாத்துக்கும் வெச்சேன். இத்த மட்டும் வுட்டா நல்லாவா இருக்கும்? சாமி படத்த ஒரு போட்டோ எடுத்துட்டு ஷெட்டுல பூஜைன்னு போயிட்டாரு... முப்பதுலயே வெச்சிட்டுப் போயிருக்காரு. நான் தலமேல நல்லா கொழகொழன்னு அப்புனேன். தொட்டது தெரிஞ்சா கத்துவாரேன்னு, வர்றதுக்குள்ள ஈரத்துணிய போட்டு தேய் தேய்னு தேச்சேன். வெளிய பளபளன்னுதான் இருந்துச்சு! உள்ள பூந்து ஒக்காந்துகிச்சா?

பாவம் பாய் அந்த மனுசன். நான் பண்ணதுக்கு அம்மாம் பேச்சயும் வாங்கிகினாரு.

சிரிக்காத நீ! தோ பாரு, சாயந்தரம் அவரு வாங்க வருவாரு. உப்புக் காத்துன்னு சொல்லிடு. ராயபுரத்துல எல்லாத்தயும் அதான துன்னுது, நம்பிடுவாரு. புள்ளகிட்ட நான் பேசிக்கிறேன். ஞாயித்துக்கெழம அவரு ரிங்குக்குப் பக்கத்துலயே ஒக்காருவாரு, ஐநூறுல வெச்சிகினு.

அப்பால... பாய், பாய், இரு! மொத்தத்தயும் தொடச்சிடாத. அடில ஒரு சின்ன பொட்டு மட்டும் வுட்டுடு. ஃபைனலாச்சே, கண்ணு பட்டுடும்.