மூணு கல்யாணப் பத்திரம்

வேணாங்க்கா, டீயெல்லாம் வேணாம். அந்த மணையை இப்படித் தள்ளுங்க, தேங்காயை நான் துருவித் தர்றேன். ரூம் எடுத்துத் தங்க வந்தேன்னா கையைக் கட்டிக்கிட்டே உக்காந்திருக்கணுமா என்ன? மாலேயில எங்க வீட்டுல பதினோரு பேரு. காலையில மீனும் தேங்காயும் பிசையுற மாஸ் ஹுனிக்கு நாலு தேங்கா துருவுற கை இது, ஒண்ணும் ஆயிடாது.

நான் கேட்டதுக்குத்தான் நீங்க இன்னும் பதில் சொல்லல. உங்க ரூம்ல ராத்திரி படுக்க ஒரு பாய். அவ்வளவுதான். வயித்து வலின்னு சொன்னேன்ல? ஆமா, ரெண்டு நாளாவேதான். சண்டையா? சேச்சே. நாங்க சண்டை போட்டா உங்களுக்குத் தெரியாமப் போயிருமா? தீவே கூடியிருக்கும்.

எங்க வீட்டுக்காரரு ஷாமில் அப்படிப்பட்ட ஆளா? நீங்களே பாத்தீங்களே. வந்த அன்னிக்கு கல்யாணப் பத்திரம் கேட்டீங்கல்ல, உள்ளூர் ஜோடின்னா காட்டணும்னு. வெள்ளைக்காரங்களைக் கேக்க மாட்டீங்க, எங்களை மட்டும் கேப்பீங்க, அது இருக்கட்டும். அவரு என்ன பண்ணாரு? பையிலேர்ந்து மூணு பத்திரத்தை எடுத்து மேசை மேல வரிசையாப் பரப்புனாரு. எது வேணும்க்கா, நல்லதாப் பாத்து எடுத்துக்கோங்கன்னு. நீங்க சிரிச்ச சிரிப்புல பூனை எந்திரிச்சு ஓடுச்சு. மூணுலயும் அதே மாப்பிள்ளை, அதே பொண்ணு. ஷாமில், நஸீஹா. தேதி மட்டும்தான் வேற.

சிரிங்க, தப்பில்ல. நம்ம நாட்டுல இது என்ன அதிசயமா? உங்களுக்கே மூணு கல்யாணம்னு உங்க தம்பி சொன்னாரு. ஆனா உங்க மூணு வேற, எங்க மூணு வேறக்கா. உங்களுக்கு மனசிருந்தா நாலாவதா ஒருத்தரைக் கட்டிக்கலாம். எங்களுக்கு இதான் கடைசி. மூணாவது தலாக்கும் விழுந்துச்சுன்னா அவரு எனக்கு அன்னியன். அப்புறம் நான் இன்னொருத்தனைக் கட்டி, அவனோட நெசமாவே குடும்பம் நடத்தி, அவனா விட்டாத்தான் இவரு பக்கம் திரும்பியே பாக்க முடியும். முப்பத்தஞ்சு வயசுல நான் அதுக்கு எங்க போயி ஆள் தேடுறது? தேடுனாலும் என்னால முடியுமா அது?

மொத தலாக் எதுக்குன்னு கேக்குறீங்களா? அவரு தங்கச்சி புள்ளைங்களை எங்க கட்டில்ல படுக்க வெச்சதுக்கு நான் முனகுனேன்னு. ரெண்டாவது ஃபோன்ல, நான் வீட்டுக்கு வர லேட்டானதுக்கு. அந்த மனுஷன் கை ஓங்க மாட்டாரு, கெட்ட வார்த்தை வராது. கோவம் வந்தா அந்த ஒரு சொல்லுதான் வரும். மத்தவங்க தட்டை விட்டெறிவாங்க, இவரு என்னை விட்டெறிவாரு. மறுநாளே அழுதுக்கிட்டு எங்கம்மா வீட்டு வாசல்ல நிப்பாரு. எங்கம்மா ஒரு வருஷம் விடலேன்னாலும் கடைசியில நானும் போயிருவேன். வெக்கங்கெட்டவதான், ஒத்துக்கறேன். அவரு இல்லாம எனக்கு சோறு எறங்காதுக்கா.

மூணாவது நிக்காஹ் அன்னிக்கு கோர்ட்டுல கட்டி வெச்ச பெரியவர் கண்ணாடியைக் கழட்டி வெச்சுட்டு சொன்னாரு. ஷாமில், இதோட உன் கயிறு தீந்துபோச்சு. இனிமே கோவம் வந்தா வாய் நெறையத் தண்ணியை ஊத்தி வெச்சுக்கோன்னு. கிண்டலுக்குத்தான் சொன்னாரு. இவரு நெசமாவே செஞ்சாரு. பதினாலு மாசம்க்கா! கோவம் வந்தா ஓடிப்போயி தண்ணியை ஊத்திக்கிட்டு, கன்னம் ரெண்டும் உப்பிப்போயி, கண்ணை உருட்டிக்கிட்டு நிப்பாரு. பாத்து நான் சிரிச்சிருவேன். அவருக்கும் சிரிப்பு வந்து தண்ணியெல்லாம் சட்டை மேல கொட்டிரும். அதோட சண்டை முடிஞ்சிரும்.

இந்த அஞ்சு நாளுக்கு எவ்வளவு ஆசைப்பட்டோம் தெரியுமா? கடலுக்காகன்னு நெனைக்காதீங்க. கடலை யாரு பாக்கல, நம்ம வீட்டு வாசல்லயே கெடக்கு. தாப்பாள் போட்ட ஒரு ரூமுக்காக வந்தோம். கட்டி எட்டு வருஷத்துல, நடுவுல விட்டதைக் கழிச்சா ஆறு, ஒருநாள் கூட நாங்க தனியா இருந்ததில்ல. மொத நாள் தாப்பாளைப் போட்டுட்டு அவரு கதவையே பாத்துக்கிட்டு நின்னாரு. யாரும் தட்டலியேன்னாரு. துணியோட கடல்ல எறங்கிக் குளிச்சோம். அந்தப் பக்கம் வேலி கட்டி விட்டிருக்கீங்களே வெள்ளைக்காரங்க அரைகுறையாக் குளிக்க, அங்க எட்டிப் பாத்தாருன்னு முழங்கையால ஒரு இடி இடிச்சேன். புதுப்பொண்ணு மாதிரி இருந்தேன்க்கா, சத்தியமா.

அப்புறம் அந்த நடுக்கடல் மணல்திட்டு. ஜோடியா வர்றவங்க எல்லாரும் போவாங்கன்னு நீங்கதான் சொன்னீங்க. உங்க தம்பி ஒரு குடை, சாப்பாட்டு டப்பா, ரெண்டு பாட்டில் தண்ணியோட படகுல கொண்டுபோயி எறக்கி விட்டுட்டு ஒரு மணிக்கு வர்றேன்னுட்டுப் போனாரு. அவரைத் தப்பு சொல்லல, காத்து கெளம்புனா அவரு என்ன பண்ணுவாரு? வந்தப்ப மணி நாலு.

அதுவரைக்கும் நாங்க ரெண்டு பேரும் அந்த மணல் மேல. மரமில்ல, செடியில்ல. தண்ணி ஏற ஏற திட்டு சுருங்குது. இந்த மூலையிலேர்ந்து அந்த மூலைக்கு நாப்பது அடி, எண்ணி வெச்சிருக்கேன். கோச்சுக்கிட்டுப் போறதுக்குக் கூட எடமில்ல. குடையை ஆழமா ஊனுங்கன்னு மொதல்லயே சொன்னேன். கேட்டாரா? காத்து ஒரே அடி, பறந்து கடல்ல போயி விழுந்துச்சு. நான் சும்மா இருந்திருக்கலாம். வெயிலு மண்டையைப் பொளக்குது, வாயி சும்மா இருக்குமா? ஒரு குடையை நிக்க வெக்கத் தெரியல, இந்த லட்சணத்துல குடும்பத்தை நிக்க வெக்கிறாராம்னேன்.

அவரு தண்ணி பாட்டிலைத்தான் எடுத்தாரு. காலி. இன்னொண்ணைக் கவுத்துப் பாத்தாரு, அதுவும் காலி. ரெண்டையும் குடிச்சது நாங்கதான், மூணு மணி நேரமா வேற என்ன பண்ணோம்? கடல் தண்ணியை ரெண்டு கையாலயும் அள்ளி வாயில ஊத்திக்கிட்டாரு. உப்பு தாங்காம துப்பிட்டாரு. விறுவிறுன்னு அந்த மூலைக்குப் போனாரு. முதுகைக் காட்டிக்கிட்டு நின்னு, கடலைப் பாத்து, சொல்லிட்டாரு.

ஆமாக்கா. அதேதான். என் பேரைச் சொல்லி, முழுசா.

எந்திரிக்காதீங்க. உக்காருங்க, கையைப் புடிச்சுக் கேக்கறேன். காஜியார் வீடு அடுத்த தெருதான்னு எனக்கும் தெரியும். முழுசாக் கேளுங்க. சொல்லிட்டு அவரு மெதுவாத் திரும்பினாரு. முகத்துல ரத்தமே இல்ல. நான் என்ன செஞ்சேன் தெரியுமா? காதுல கையை வெச்சுக்கிட்டு, என்னங்க, காத்துல ஒண்ணும் கேக்கலன்னு கத்துனேன். அவரு ரொம்ப நேரம் பாத்தாரு. ஒண்ணுமில்ல, படகு வருதான்னு பாத்தேன்னாரு. அவ்வளவுதான். அதுக்கப்புறம் அதைப் பத்தி ஒரு பேச்சு இல்ல.

தெரியும்க்கா, எனக்குக் கேட்டாலும் கேக்காட்டியும் சொன்னது சொன்னதுதான். எடுத்துச் சொல்ல நீங்க வேணுமா? அஞ்சு வேளையும் தொழுறவதானே நானும். பொய் சொன்னதும் நான்தான், பயப்படறதும் நான்தான். ஒரே ரூம்ல ஒரு அன்னியனோட ரெண்டு நாளா வயித்து வலின்னு சுருண்டு கெடக்குறேன். எத்தனை நாளைக்கு வலிக்கும் ஒருத்திக்கு?

காத்து அடங்கிரும், நாளைக்கு மாலேக்குக் கப்பல் உண்டுன்னு மதியம் நீங்க சொன்னப்ப எல்லாரும் கை தட்டுனாங்க. நான் மட்டும் தட்டல. இங்கயாச்சும் உங்ககிட்ட ஒரு பாய் கேக்கலாம். அங்க? ரெண்டு ரூம், பதினோரு பேரு, எங்களுக்கு ஒரு கட்டிலு. கீழ படுத்தா மாமியார் ஏன்னு கேப்பாங்க. சொன்னா அவரை எழந்தேன், சொல்லாட்டி ஆண்டவனை எழந்தேன். நீங்க சொல்லுங்க, எந்தப் பக்கம் போறது?

எனக்குக் கேட்டது அவருக்குத் தெரியுமான்னா? காத்துல கேக்கலன்னதை அவரு நம்பிட்டாருன்னுதான் நானும் நெனச்சேன். கொஞ்ச நேரம் நிம்மதியாக் கூட இருந்துச்சு. அப்புறம் உங்க தம்பி வந்தாரு. அலை பெருசா இருந்ததால இடுப்பளவுத் தண்ணியில நின்னுதான் படகுல ஏறணும். ஷாமில் மொதல்ல ஏறிட்டாரு. நான் கையை நீட்டுனேன். எட்டு வருஷமா படகுல ஏறுறப்ப அவரு கையைத்தான் புடிப்பேன். அவரு என் கையைப் பாத்தாரு. குனிஞ்சு, படகு தள்ளுற கழியை எடுத்து, அதோட நுனியை என் பக்கம் நீட்டுனாரு. உங்க தம்பி கூட சிரிச்சாரு, என்னய்யா புருஷன் நீ, பொண்டாட்டி கையைப் புடிக்க வெக்கமான்னு.

நானும் ஒண்ணும் கேக்கலக்கா. கழியைப் புடிச்சுக்கிட்டு ஏறிட்டேன்.