பேரில்லாத ஃபோல்டர்

அண்ணி: ...இரு, இரு, மேல போகாத. உன் புரோகிராம்ல இந்த வரி எப்ப முளைச்சுது?

கொழுந்தன்: எந்த வரி அண்ணி?

அண்ணி: தெரியாத மாதிரி கேக்காத. "பேர் காலியா இருந்தா அங்கேயே நிறுத்து"ன்னு ஒண்ணு இருக்கே. போன வாரம் நீ அனுப்பினதுல இது இல்ல.

கொழுந்தன்: சும்மா... தோணுச்சு, சேர்த்தேன்.

அண்ணி: தோணுச்சாமே! இதையேதான நான் போன வாரம் கேட்டேன்? "ஃபோல்டருக்குப் பேரே குடுக்காம எந்த மடையன் அண்ணி ஓட்டுவான்"னு விழுந்து விழுந்து சிரிச்ச.

கொழுந்தன்: மனுஷன் திருந்தக்கூடாதா? நீங்க சரி பாத்து அந்தப் பட்டனைத் தட்டினா, என் மாட்யூல் இன்னைக்கே நம்ம புரோகிராம் லைப்ரரியோட சேர்ந்து வெளிய போயிரும். தட்டுங்க அண்ணி, புண்ணியமாப் போகும்.

அண்ணி: நான் சரின்னு சொன்னதை நாளைக்கு ஊர்ப்பட்ட பேர் எடுத்து ஓட்டப்போறாங்க. கேட்டுட்டுத்தான் தட்டுவேன். இந்த மாட்யூலோட வேலை என்ன? எந்த ஃபைல் எங்க இருக்குன்னு முகவரி எழுதித் தர்றது. ஒரு ஃபோல்டரையும் உள்ள ஒரு பேரையும் குடுத்தா ரெண்டையும் சேர்த்து எழுதும். பேர் காலின்னா?

கொழுந்தன்: வெளிய இருக்கிற ஃபோல்டரோட முகவரி மட்டும் வரும்.

அண்ணி: அதைச் சோதிக்க நீ எழுதின டெஸ்ட் என்ன பண்ணுது?

கொழுந்தன்: உள்ள தற்காலிகமா ஒரு ஃபோல்டர் போடும்... வேலை முடிஞ்சதும் அதை அழிச்சிடும்.

அண்ணி: அதுக்குப் பேர் காலியா இருந்தா?

கொழுந்தன்: ...தண்ணி குடிச்சிட்டு வரேன் அண்ணி.

அண்ணி: பாட்டில் உன் கைகிட்டயேதான் இருக்கு. உக்காரு.

கொழுந்தன்: வெளிய இருக்கிற ஃபோல்டரையே தூக்கிரும். உள்ள இருக்கிறதோட... மொத்தமா.

அண்ணி: தூக்கிருமா, தூக்கிருச்சா?

கொழுந்தன்: என் மெஷின்லயும் உங்களோடதுலயும் முகவரில பேருக்கு நடுவுல வர்ற ஸ்லாஷ் கோடு வலப்பக்கம் சாஞ்சிருக்கும். இடப்பக்கம் சாயுற மெஷின் இந்த வீட்டுல ஒண்ணே ஒண்ணுதான். ரெண்டுலயும் ஓட்டிப் பாக்காம வெளிய விட முடியுமா? நீங்களே சொல்லுங்க.

அண்ணி: உங்க அண்ணன் லேப்டாப்.

கொழுந்தன்: மத்தியானம் அவர் இல்ல. அஞ்சு நிமிஷ வேலைதானேன்னு எடுத்தேன். எல்லாம் ஒழுங்கா ஓடுச்சு. அதோட விட்டிருக்கலாம்... அண்ணி கேட்டாங்களே, காலிப் பேரையும் குடுத்துதான் பாப்போமேன்னு...

அண்ணி: எந்த ஃபோல்டர்ல வெச்சு ஓட்டின?

கொழுந்தன்: "வேலை".

அண்ணி: அடப்பாவி! அவர் போடுற வீட்டு பிளான் எல்லாம் அதுலதான இருக்கு?

கொழுந்தன்: இருந்துச்சு.

அண்ணி: நாளைக்குக் காலையில பிளான் பாக்க ஆள் வராங்க!

கொழுந்தன்: தெரியும் அண்ணி. லேப்டாப்போட குப்பைத்தொட்டி வரைக்கும் தேடிட்டேன். டெஸ்ட் அழிச்சா அங்ககூடப் போகாது. மனுஷன் மாசக்கணக்கா கண்ணு முழிச்சு வரைஞ்சது... வந்து திறந்தாருன்னா என்னைத் தொலைச்சுக் கட்டிருவாரு. ஏற்கனவே ஒரு வாரமா என்கிட்ட மூஞ்சி குடுத்தே பேசல.

அண்ணி: அப்படியா... நான் கவனிக்கலயே.

கொழுந்தன்: நேத்து சார்ஜர் கேட்டா, "உனக்குத் தரமாட்டேன்"னு பட்டுனு சொல்றாரு. வண்டியில கீறல் போட்டதுக்கா இருக்கும்னு விட்டுட்டேன்... நீங்க ஏன் சிரிக்கிறீங்க?

அண்ணி: சிரிக்கல, இருமல்.

கொழுந்தன்: எனக்கு இங்க உசிரு போகுது, உங்களுக்கு இருமல்!

அண்ணி: சரி சரி, முகத்தைத் தொங்கப்போடாத. பிளான் எங்கயும் போகல.

கொழுந்தன்: என்னது?

அண்ணி: எல்லாம் ஒரு பென் டிரைவ்ல இருக்கு. இந்த ஒரு வாரமா அதுலதான் வேலை பாக்கிறாரு. சட்டைப் பையை விட்டு அதைக் கீழ வெக்கிறதே இல்ல. நீ அழிச்சது வெறும் நகல்.

கொழுந்தன்: நிஜமாவா? சத்தியமா? அப்பாடா... அண்ணி, உங்க வாய்க்குச் சர்க்கரைதான் போடணும்!

அண்ணி: தண்ணி இப்ப குடி. குடிச்சிட்டு டெஸ்டை ஓட்டு. என் மெஷின்லயே ஓட்டு, பேர் காலி.

கொழுந்தன்: உங்க மெஷின்லயா? பயமா இருக்கு...

அண்ணி: நீ எழுதினதுதான? ஓட்டு.

கொழுந்தன்: ...நின்னுருச்சு. "பேர் இல்லை"ன்னு சொல்லிட்டு நின்னுருச்சு! உங்க ஃபோல்டர் குத்துக்கல்லாட்டம் இருக்கு.

அண்ணி: பேருக்குப் பதிலா ரெண்டு புள்ளி வெச்சா?

கொழுந்தன்: ரெண்டு புள்ளின்னா ஒரு படி வெளிய போன்னு அர்த்தம்... ஐயோ, அதுவும் அதே கதைதான். இருங்க, அதுக்கும் ஒரு வரி போடுறேன்... ம்... இப்ப பாருங்க. நிக்குது.

அண்ணி: அப்ப சரி. தட்டிட்டேன். போயிருச்சு உன் மாட்யூல்.

கொழுந்தன்: இன்னைக்கு நிம்மதியாத் தூங்குவேன்... ஆனா அண்ணி, ஒண்ணு இடிக்குது. நகல் எடுத்து வைங்கன்னா "நாளைக்குப் பாக்கலாம்"னு சொல்ற மனுஷன் அவரு. திடீர்னு எதுக்குப் பென் டிரைவ்?

அண்ணி: ...வண்டி சத்தம் கேக்குது. வந்துட்டாரு போல.

கொழுந்தன்: பேச்சை மாத்தாதீங்க. காலிப் பேர்னா ஆபத்துன்னு உங்களுக்கு மட்டும் எப்படி முன்னாடியே தெரிஞ்சுது?

அண்ணி: போன திங்கக்கிழமை நானும் அதே லேப்டாப்ல, அதே ஃபோல்டர்லதான், பேரே குடுக்காம உன் டெஸ்டை ஓட்டினேன் தம்பி. அவர் ஆபீஸ்ல ஒரு பிரதி இருந்ததால பிழைச்சோம்... "யார் பண்ணது"ன்னு அவர் கத்தினப்ப, பதட்டத்துல நீதான்னு சொல்லிட்டேன். "பாவம், அவனை ஒண்ணும் கேக்காதீங்க"ன்னும் சொல்லி வெச்சேன்.