உறை மேல எழுதின பேர்

என் கையெழுத்து அழகா இருக்கும், ஐயா. அதனாலதான் உறை மேல பேர் எழுதுற வேலைய டாக்டர் என்கிட்ட விட்டாரு. மாத்தளையில பதினொரு வருசமா அவர்கிட்ட மருந்து கட்டிக் குடுக்கிறேன். ஒரு மருந்து மாறினதில்ல.

வெளிநாட்டுல இருக்கிற அப்பன்கிட்ட புள்ள போகணும்னா, எம்பசிக்காரங்க இப்ப பிறப்புப் பத்திரத்த நம்புறதில்ல. டீஎன்ஏ கேக்குறாங்க. பஞ்சுக்குச்சியால கன்னத்துக்குள்ள எச்சில் எடுத்து, காயவச்சு, உறையில ஒட்டி அனுப்பணும்.

அன்னைக்கு ரெண்டு புள்ளைங்க வந்திச்சு. ஒண்ணு, லண்டன்ல இருக்கிற மக்கீனோட மகள். மத்தது என் தாய்மாமன் மகன் அழகையாவோட மகள். அழகையா என் தங்கச்சி வேலம்மாவுக்கு முறை மாப்பிள. பரிசமே போட்டாச்சு. அப்புறம் நாவுலங்கிற ஊர்ல இருந்து கிருஷ்ணம்மாவக் கட்டிக்கிட்டு வந்து நின்னாரு. அவ மாசமா இருக்கையில கனடா போய்ட்டாரு. என் தங்கச்சிக்கு முப்பத்தாறு வயசு, இன்னும் மிளகு ஸ்டோர்ல தூசி குடிக்கிறா. அத நெனச்சா எனக்கு வயிறு எரியும். மறைக்க மாட்டேன்.

"செல்லச்சாமி அண்ணே, நம்மாளு நீங்க இருக்கிறது நல்லதாப் போச்சு" ன்னு கிருஷ்ணம்மா சிரிச்சா. டாக்டர் கை கழுவப் போனாரு. நான் ரெண்டு குச்சியையும் உறை மாத்திப் போட்டேன். மக்கீன் மேல எனக்கு ஒரு கோபமும் இல்ல. ஆனா ஒண்ண மாத்தணும்னா இன்னொண்ணு வேணும்ல.

ரெண்டு பேருக்கும் அப்பன் இல்லைன்னு பதில் வந்திச்சு. அழகையா போன்ல ஒரே பேச்சுத்தான் பேசினாரு: "யாரு புள்ளைன்னு நீயே தேடிக்க." உலை வாய மூடலாம், ஊர் வாய மூட முடியுமா? தோட்டத்துத் தண்ணிப் பீலியில பொம்பளைங்க கிருஷ்ணம்மாவுக்குக் குடம் வைக்க எடம் விடல. எங்கிட்ட வந்து அழுதா. மிஷின் பொய் சொல்லாதும்மான்னு நானும் எடுத்துச் சொன்னேன்.

மக்கீன் பொஞ்சாதிய நம்பினாரு. சண்டை போட்டு மறுபடி எடுக்க வச்சாரு. அதுலதான் குச்சி மாறினது வெளிய வந்திச்சு. கிருஷ்ணம்மாவுக்கு அவ்வளவு பொறுமை இல்ல. அதுக்கு மூணு வாரம் முந்தியே புல்லுக்கு அடிக்கிற மருந்தக் குடிச்சுச் செத்துட்டா.

இப்ப அழகையா மகளக் கூட்டிட்டுப் போக வர்றாராம். ஆறு வயசுப் பொட்டப்புள்ள, தாயில்லாம அந்தக் குளிருக்குப் போகலாமா? பதினாறாம் நாள் காரியம் முடிஞ்ச கையோட வேலம்மாவுக்குப் பாஸ்போர்ட்டுக்குக் குடுத்திட்டேன். நான் ஜெயிலுக்குள்ள இருக்கேன்னு கல்யாணத்தத் தள்ளிப்போட வேணாம்னு அழகையா மச்சான்கிட்ட சொல்லுங்க, ஐயா.