மாலை ஆறு மணிக் கேள்வி

தினமும் மாலை ஆறு மணிக்கு ஒரு கேள்வி போடுவேன். ஐந்து வருடங்களில் ஒருநாளும் தவறியதில்லை, காய்ச்சலில் கிடந்தபோதுகூட. நர்ஸ் வேலையை விட்ட பிறகு எனக்கு இருந்தது அந்த வாட்ஸ்அப் குழுதான். படிப்பை முடித்துவிட்டு நர்ஸிங் உரிமத் தேர்வுக்குத் தயாராகும் பெண்கள் முந்நூறு பேர்.

தேர்ச்சி பெற்றவர்கள் பூங்கொத்துப் படம் ஒன்றைப் போட்டு, "உங்களாலதான் அக்கா" என்று எழுதிவிட்டு வெளியேறுவார்கள். அதன் பிறகு நான் என்ன அனுப்பினாலும் பதில் வராது. நாளடைவில் முன்கூட்டியே மோப்பம் பிடிக்கப் பழகிக்கொண்டேன். தேவைக்கு மேல் நன்றி சொல்கிறவள் கிளம்பப் போகிறவள்.

வாயாடி அப்படியில்லை. குழுவில் அவளுக்கு அதுதான் பெயர். ஒரு சிறிய மருத்துவமனையில் உதவியாளராக இருந்துகொண்டே படித்தாள். மூன்று முறை தோற்றிருந்தாள். நான்கு முறைதான் எழுத முடியும்.

"இந்தத் தடவையும் கோட்டை விட்டா, காலம் பூரா பெட்ஷீட் மாத்திக்கிட்டே கிடக்க வேண்டியதுதான் அக்கா." பத்து நிமிடம் நீளும் குரல்செய்திகள். சமைத்துக்கொண்டே கேட்பேன்.

போன மாதம் அவளுடைய பதில்கள் எல்லாம் சரியாக வரத் தொடங்கின. நன்றியும் கூடியது.

அப்போது ஒருநாள் போட்ட கேள்வி இது. ஒரு நோயாளி வலியில் கத்துகிறார், இன்னொருவர் பேச்சில்லாமல் கிடக்கிறார். முதலில் யாரைப் பார்ப்பாய்? பேச்சில்லாதவரை. குழுவில் அதைத்தான் போட்டேன். அவளுக்குத் தனியாக எழுதினேன்: கத்துகிறவரை, விதியை மாற்றிவிட்டார்கள், யாரிடமும் சொல்லாதே.

"நான் படிச்சது வேற மாதிரியாச்சே அக்கா?"

"என்னை நம்ப மாட்டியா?"

"உங்கள நம்பாம வேற யார நம்புறது?"

இப்படி நாற்பது பதில்கள் அனுப்பினேன்.

தேர்வுக்கு நான்கு நாள் முன்பு, விபத்தில் அடிபட்ட இருவரை அவள் இருந்த மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார்கள். டாக்டர் வரும்வரை அவள் மட்டும்தான். கத்தியவரிடம் ஓடியிருக்கிறாள். கத்தாதவர் பள்ளிக்கூட ஆசிரியர் என்று நீங்கள்தான் சொன்னீர்கள், இன்ஸ்பெக்டர் சார்.

"ஏம்மா அவளுக்கு மட்டும் வேற பதில்?" என்று காலையிலிருந்து கேட்கிறீர்கள். அவள் தோற்க வேண்டும் என்று நான் நினைத்ததேயில்லை. என்னோடு இருக்க வேண்டும் என்று நினைத்தேன். அந்த ஆசிரியரின் சாவுக்கு நான்தான் காரணம், எழுதிக்கொள்ளுங்கள்.

அவள் தேர்வுக்குப் போகவில்லை. அன்றைக்கே குழுவிலிருந்தும் வெளியேறிவிட்டாள். ஒரு பூங்கொத்துகூட இல்லை. அதுதான் எனக்கு மனசு ஆறவில்லை.

மணி ஐந்தே முக்கால். என் போனைக் கொஞ்சம் கொடுங்கள். பிள்ளைகள் காத்திருப்பார்கள்.